சால்வை போட்டோம், செல்ஃபி எடுத்தோம், அப்புறம் யாரும் வரவில்லை. என்ன செய்யலாம்?

சேடாநகர்_மாமா:

வணக்கம். எனக்கு 68 வயது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மும்பை செம்பூர் சேடா நகரில் 31 வருடமாக இருக்கிறேன். எங்கள் சொசைட்டியில் நாலு விங், 112 வீடு, அதில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. பிள்ளைகளும் அதே அளவு இருக்கிறார்கள். ஆனால் லிஃப்டில் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி.

போன அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தன்று ஒரு விழா வைத்தோம். பேனர், மைக், கேசரி, பஜ்ஜி எல்லாம் உண்டு. 75 தாண்டிய 23 பேருக்குச் சால்வை போட்டோம். பிள்ளைகளும் நன்றாகவே வந்தார்கள். பெரியவர்களோடு செல்ஃபி எடுத்தார்கள், ஒரு பெண் அழகாகப் பேசினாள். அன்றே 'மூன்று தலைமுறை' என்று ஒரு வாட்ஸ்ஆப் குழுவும் ஆரம்பித்தோம். அதில் எங்கள் ஆட்கள் காலை ஐந்தரைக்கே பூப்படத்தோடு குட்மார்னிங் போடத் தொடங்கினார்கள். தீபாவளிக்குள் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பாதி குட்மார்னிங்கை நானே பார்ப்பதில்லை.

எனக்குப் புரிந்தவரை முதல் பிரச்சினை நேரம்தான். நாங்கள் நாலு மணிக்கு பெஞ்சில் போய் உட்காருவோம். அப்போது பள்ளிப் பிள்ளைகள் கிளாஸில் இருப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஹார்பர் லைன் ரயிலில் நசுங்கி வீடு வந்து சேர ஒன்பதேகால் ஆகும். அந்நேரம் நாங்கள் மாத்திரை போட்டுப் படுத்திருப்போம். ஒரே கட்டடம், ஆனால் பகல்கள் வேறு வேறு.

நெதர்லாந்தில் இருக்கும் என் பெண் ஒரு செய்தி அனுப்பினாள். அங்கே டெவென்டர் என்ற ஊரில் ஹியூமானிடாஸ் என்று ஒரு முதியோர் இல்லம். அதில் கல்லூரி மாணவர்கள் சிலர் வாடகையில்லாமல் தங்குகிறார்களாம். பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் அங்குள்ள பெரியவர்களோடு நல்ல அண்டைவீட்டுக்காரராக இருந்தால் போதும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மும்பையில் வாடகையில்லாத அறை என்று நான் வாயைத் திறந்தால் கமிட்டி முதலில் என்னைத்தான் வெளியே அனுப்பும்.

இங்கே யாராவது இப்படி ஏதாவது செய்து, அது மூன்று மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறதா? ஓடியிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். விழா யோசனை வேண்டாம், அது எங்களுக்கே தெரியும்.

என்எஸ்எஸ்_பையன்:

அங்கிள், கொஞ்சம் பச்சையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் விழா மாதிரி ஏழெட்டுக்கு நான் வந்திருக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேர்க்க வேண்டும். 1969இலிருந்து இருக்கும் திட்டம், நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு முதியோர் இல்லத்துக்கு அறுபது பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினால் என்ன நடக்கும்? பாட்டு, டான்ஸ், பழம் விநியோகம், இடமும் நேரமும் பதிந்த போட்டோ. எங்கள் கணக்கில் நாலு மணி நேரம் ஏறும். அங்கே ஒரு பாட்டி என் கையைப் பிடித்து "அடுத்த வாரமும் வருவியா?" என்று மராத்தியில் கேட்டார். வருவேன் என்றேன். போகவில்லை. அடுத்த வாரம் எங்களுக்கு மரம் நடும் முகாம்.

உங்கள் பக்கத்துக் கல்லூரியின் திட்ட அலுவலரைப் பாருங்கள். அறுபது பேர் கேட்காதீர்கள், ஆறு பேர் கேளுங்கள். வருடம் முழுக்க அதே ஆறு பேர், அதே ஆறு வீடு. வாரம் ஒன்றரை மணி என்றாலும் மணிக்கணக்கில் பாதிக்கு மேல் தேறிவிடும். பரீட்சை மாதத்தில் வரமாட்டோம் என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். சொல்லாமல் நிற்பதுதான் பெரியவர்களுக்கு வலிக்கிறது.

மாட்டுங்கா_மாமி:

எங்கள் கட்டடத்தில் இரண்டு வருடமாக ஒன்று ஓடுகிறது. அதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை. ஆரம்பித்தது நவம்பர் மாதத் தொல்லையில்தான்.

உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், வங்கிக்காரர். பென்ஷன்காரர்கள் வருடா வருடம் நவம்பரில் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். மத்திய அரசு பென்ஷன் வாங்குபவர்கள் 80 தாண்டியிருந்தால் அக்டோபரிலேயே கொடுக்கலாம். அந்தச் சான்றை ஆன்லைனிலேயே கொடுக்கும் ஜீவன் பிரமாண் முறை 2014இல் வந்தது, ஆனால் விரல்ரேகை தேய்ந்துபோன கைகளை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு! 2021இலிருந்து செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே முடித்துக்கொள்ளலாம் என்று ஆனது. முடித்துக்கொள்ளலாம்தான், ஆனால் யார் செய்து தருவது? பிள்ளைகள் நியூஜெர்சியில்.

மூன்றாம் மாடியில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், அவன் தோழி ஒருத்தி. இருவரும் இரண்டு ஞாயிறு கீழே ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தார்கள். 17 பேருக்குச் செய்தார்கள். கண்ணைச் சிமிட்டச் சொல்லி போன் கேட்கும். 84 வயது மாமி ஒருத்தருக்கு இமை தொங்கிப்போய் எப்போதும் பாதி மூடியே இருக்கும். போன் ஏற்கவே இல்லை. அந்தப் பெண் ஜன்னலோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மாமியின் புருவத்தை விரலால் தூக்கிப் பிடித்துவிட்டு, "இப்ப சிமிட்டுங்கோ பாட்டி, யாருக்கோ கண்ணடிக்கற மாதிரி" என்றாள். மாமி சிரித்த சிரிப்பில் மறுபடி தோற்றது. ஆறாவது தடவை வந்தது. அந்த மாமி இப்போதும் அந்தப் பெண்ணைப் பார்த்தால் கண்ணடிப்பார்.

அதற்குப் பிறகு வந்துபோவது தானாக நடந்தது. அந்தப் பையன் சி.ஏ. படிக்கிறான். இரண்டாம் மாடி மாமா 38 வருடம் கணக்கு எழுதியவர். இரண்டு பேரும் இப்போது சனிக்கிழமை காலையில் உட்காருகிறார்கள். பையனுக்கு காபி, மாமாவுக்குப் பேச்சு.

சொல்லிக்கொடுப்பது பெரியவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தாணே மாவட்டத்தில் ஃபாங்கணே என்று ஒரு கிராமம். 2016 மகளிர் தினத்தன்று அங்கே பாட்டிகளுக்கென்றே பள்ளிக்கூடம் திறந்தார்கள், ஆஜிபாய்ச்சி ஷாளா என்று பெயர். எல்லோரும் அறுபதுக்கு மேல். ரோஸ் நிறப் புடவைதான் யூனிஃபார்ம், கையில் சிலேட்டு. வீட்டில் பேத்திகள் பாடம் சொல்லித் தருகிறார்கள். நாம் என்னடாவென்றால் பெரியவர் என்றாலே மேடையில் ஏற்றி உட்கார வைக்கிறோம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். போன் வேலையெல்லாம் பொது அறையில்தான், இன்னொருவர் கூட இருக்கும்போதுதான். ஓடிபி, பின் நம்பர் எதையும் பிள்ளைகள் கேட்கவும் கூடாது, நாம் சொல்லவும் கூடாது. தங்கமான பிள்ளைகள்தான், அதனால்தான் சொல்கிறேன். நாளைக்கு எவனோ ஒருவன் பணத்தை உருவினால் முதல் சந்தேகம் இவர்கள் மேல் வரும். 1930 என்ற சைபர் குற்ற எண்ணையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

முலுண்ட்_மூணாவது_மாடி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எல்லாப் பெரியவர்களுக்கும் இளைஞர் சகவாசம் வேண்டும் என்று யார் சொன்னது? 2022இல் ரத்தன் டாட்டா முதலீட்டோடு மும்பையில் குட்ஃபெல்லோஸ் ஆரம்பித்தார்கள். இளம் பட்டதாரிகள் பெரியவர்களுக்குத் துணையாக வந்து பேசுவார்கள், நடக்கக் கூட்டிப்போவார்கள், கட்டணச் சேவை. நான் நாள் முழுக்க ஆபீஸில் இருப்பதால் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு 78. "காசு குடுத்து எங்கிட்ட பேச ஆள் வெப்பியா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவருக்குச் சீட்டாட நாலு கிழவர்கள் இருந்தால் போதும். முதலில் உங்கள் 40 பேரிடம் கேட்டீர்களா மாமா?

தொண்ணூறடி_ரோடு:

மாமா, நான் தாராவி. வயது 34, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு உபயோகமா என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். அப்பா தவறியபின் டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது 46 இன்லாண்டு லெட்டர் கிடைத்தது. எல்லாம் ஊரிலிருந்து ஆச்சி போட்டது. நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவேன், சண்டை போடுவேன், படிக்கத் தெரியாது. ஆப் ஒன்றை இறக்கி மூன்று மாதம் எழுத்து கற்றேன். அப்புறமும் லெட்டரைப் படிக்க முடியவில்லை. பழைய 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்துக்கொண்டு நிற்கிறது. 1978இல்தான் தமிழ்நாட்டு அரசு அந்த மாதிரி 13 எழுத்தின் வடிவத்தை மாற்றியது என்பது அப்போது எனக்குத் தெரியாது. என் ஆச்சியின் லெட்டர் எல்லாம் அதற்கு முந்தியது.

எங்கள் சந்தில் ஒரு டீச்சர் இருக்கிறார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 76 வயது, தனியாக இருக்கிறார். போன் சரிசெய்ய வந்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா என்றார். சத்தமாகப் படித்தார். மாடு ஈன்ற சேதி, மணியார்டர் 40 ரூபாய் வந்த சேதி, சின்னத்தை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்ட சைக்கிள். ஒரு லெட்டரின் கடைசியில், "இதை எழுதித் தந்த வாத்தியாருக்கு ஒரு கட்டு பீடி வாங்கிக் குடுத்தேன், அதையும் கணக்கில் சேத்துக்கிடுங்க" என்று இருந்தது. ஆச்சிக்கு எழுதத் தெரியாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆச்சிக்கு எழுதத் தெரியாது, பேரனுக்குப் படிக்கத் தெரியாது, நடுவில் இரண்டு வாத்தியார்.

மூன்று லெட்டர் படித்ததும் டீச்சர் மடித்து வைத்துவிட்டார். "மீதியை நீ படி. எழுத்து நான் சொல்லித் தாரேன்" என்றார். எவ்வளவு கெஞ்சியும் நாலாவது லெட்டரைத் தொடவில்லை. நாலாவதைப் படிக்க எனக்கு ஐந்து ஞாயிறு ஆனது. அதில் ஒன்றும் விசேஷமில்லை, மழை பெய்யவில்லை என்று எழுதியிருந்தது. ஆனாலும் நானே படித்தேன் பாருங்கள்.

இது நடந்து ஒன்றரை வருடம். இப்போது ஞாயிறு காலை பத்தரைக்கு எட்டு பேர் உட்காருகிறோம். ஒருத்தி பாட்டியின் டைரியோடு வருகிறாள், ஒருவன் நிலப் பத்திரத்தோடு. நடுவில் டீச்சருக்குக் கண்புரை ஆபரேஷன். மூன்று வாரம் நான் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். தப்பாகப் படித்தால் கண்ணில் கட்டோடே அதட்டுவார்.

அவரைப் 'பார்த்துக்கொள்ள' வந்திருந்தால் நான் இரண்டு வாரத்தில் நின்றிருப்பேன் மாமா. எனக்கு அவரிடம் வேலை இருந்தது. உங்களை ஒன்று கேட்கட்டுமா? மொத்த சொசைட்டிக்கும் யோசிக்கிறீர்கள், சரி. உங்களுக்கு என்ன வேண்டும்?

சேடாநகர்_மாமா:

எல்லோருக்கும் நன்றி. முலுண்டுக்காரர் கேட்டது நியாயம், நான் யாரையும் கேட்கவில்லை. இந்த வாரம் 14 பேரைக் கேட்டேன். ஆறு பேர் வேண்டாம் என்றார்கள், அதில் என் மனைவியும் ஒருத்தி. "எனக்கு சாயங்காலம் பேச ஆளா இல்லை? உங்களுக்குத்தான் இல்லை" என்றாள். நவம்பர் யோசனையைக் கமிட்டியில் சொல்லிவிட்டேன், ஓடிபி விதியோடு. கல்லூரிக்கும் போகிறேன், ஆறு பேர் கேட்கத்தான்.

தாராவித் தம்பி கேட்ட கேள்வி இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கு என்ன வேண்டும்? செஸ். கூட ஆடிக்கொண்டிருந்த நண்பர் கோயம்புத்தூருக்கு மகனோடு போய் மூன்று வருடம் ஆகிறது. அதன்பின் பலகையைத் தொடவில்லை.

சி விங்கில் ஒரு பையன், 11 வயது. லிஃப்டில் எப்போதும் போனில் செஸ் ஆடிக்கொண்டே வருவான், பையில் குகேஷ் ஸ்டிக்கர். நேற்று அவனிடம், "எங்கூட ஆட வரியா?" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க ரேட்டிங் என்ன தாத்தா?" என்றான். ரேட்டிங் எல்லாம் இல்லை, ஆபீஸில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன் என்றேன். சரி என்று வந்தான். 19 நகர்த்தலில் என்னை முடித்தான். போகும்போது, என் குதிரை எந்த இடத்தில் தப்பாகப் போனது என்று பலகையைப் பின்னோக்கி அடுக்கிக் காட்டினான். ஞாயிறு 11 மணிக்கு மறுபடி வருகிறான், பத்தரை வரை அவனுக்குக் கிளாஸ்.

அடுத்த தடவை கடிகாரம் வைத்துத்தான் ஆட வேண்டுமாம், இல்லாவிட்டால் நான் ரொம்ப யோசிக்கிறேனாம். செஸ் கடிகாரம் இங்கே மலிவாக எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா? பழையதானாலும் பரவாயில்லை.