பே ஏரியா சொந்தங்கள் (குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்): கிரெடிட் கார்டு போனஸ்ல டிக்கெட்

ப்ரியா: அடுத்த ஏப்ரல்ல அப்பா அம்மாவ வரவைக்கணும். சென்னை–சிங்கப்பூர்–சான்ஃபிரான்சிஸ்கோ. சேஸ் பேங்கோட சஃபையர் ப்ரிஃபர்ட் கார்டு புதுசா எடுத்தா குடுக்கற போனஸ் பாயிண்ட்ல டிக்கெட் தேறுமா? 3 மாசத்துல 5,000 டாலர் செலவு பண்ணணும்னு போட்டிருக்கு. அருணையும் அதே கார்டுல சேர்த்துடறேன், சீக்கிரம் முடியும்.

சித்ரா அக்கா: சேர்க்காதே! ஆத்தரைஸ்டு யூசரா, அதாவது உன் கணக்குலயே கூடுதல் ஆளா போட்டா அது அருண் கிரெடிட் ரிப்போர்ட்லயும் ஒரு கார்டா ஏறிடும். 24 மாசத்துல எந்த பேங்க்ல எடுத்திருந்தாலும் 5 கார்டு ஆச்சுன்னா சேஸ் தராது. ஒரு இடம் வீணாப் போகும்.

சித்ரா அக்கா: முதல்ல நீ எடு. போனஸ் விழுந்ததும் உன் ரெஃபரல் லிங்க்ல (நீ சிபாரிசு பண்ற லிங்க்) அருண் தனியா எடுக்கட்டும். ரெண்டு போனஸ், நடுவுல உனக்கு ரெஃபரல் பாயிண்டும். ஒரே வீடுங்கறதால பின்னாடி ஒருத்தர் கணக்குல சேர்த்துக்கலாம். ஒரு போனஸ்ல ரெண்டு பேருக்குப் போக வர டிக்கெட் வராது.

ரமேஷ் சித்தப்பா: 3 மாசக் கணக்கு கார்டு கைக்கு வந்த நாள்லேர்ந்து இல்லம்மா, அப்ரூவ் ஆன நாள்லேர்ந்து. கார் இன்சூரன்ஸ் எப்ப கட்டணும்?

ப்ரியா: அக்டோபர் 10. ஆறு மாசத்துக்கு 1,400 டாலர்.

ரமேஷ் சித்தப்பா: அப்ப செப்டம்பர் கடைசில அப்ளை பண்ணு. மீதி மளிகை, டே கேர்லயே ஓடிடும். காஸ்ட்கோ கடைல கிரெடிட் கார்டுன்னா விசா கார்டு மட்டும்தான் எடுப்பாங்க, இது விசா கார்டுதான். பத்தலன்னா எஸ்டிமேட்டட் டாக்ஸை (முன்கூட்டியே கட்டற வருமான வரி) கார்டுல கட்டலாம். 1,000 கட்டினா ஏறக்குறைய 18 டாலர் கட்டணம், அதனால அதைக் கடைசியா வச்சுக்கோ.

அருண்: வருஷக் கட்டணம் 95 டாலரும் அந்த 5,000ல சேருமா சித்தப்பா?

ரமேஷ் சித்தப்பா: சேராது மாப்ள. கேஷ் அட்வான்ஸ் (கார்டுல பணமா எடுக்கறது), பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் (வேற கார்டு பாக்கியை இதுக்கு மாத்தறது) எதுவும் சேராது. வென்மோ ஆப்ல ஆளுக்கு ஆள் பணம் அனுப்பறதையும் நம்பாதீங்க. வாங்கின சாமானைத் திருப்பிக் குடுத்தா அந்தத் தொகை கழிஞ்சிடும், நிறைய பேர் மாட்டிக்கறது இங்கதான். 5,200 வரைக்கும் போங்க, கடைசி வாரத்துக்கு இழுக்காதீங்க.

சித்ரா அக்கா: மாசாமாசம் பில்லை முழுசாக் கட்டிடு. பாக்கி வச்சா 20% பக்கமோ அதுக்கு மேலயோ வட்டி, போனஸ் அதுலயே கரைஞ்சிடும்.

ப்ரியா: பாயிண்ட் வந்ததும் உடனே சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு மாத்திடவா?

சித்ரா அக்கா: ஐயோ வேண்டாம். 1,000 பாயிண்டுக்கு 1,000 க்ரிஸ்ஃப்ளையர் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட மைல் திட்டம்) மைல், ஆனா மாத்தினா திரும்ப வராது. 36 மாசத்துல காலாவதியும் ஆகும். முதல்ல அவங்க சைட்ல அந்தத் தேதில சேவர் சீட் (குறைஞ்ச மைல்ல கிடைக்கற சீட்) இருக்கான்னு பாரு, இருந்தா மாத்து. மைல் வந்து சேர ஒரு நாள் ரெண்டு நாள்கூட ஆகும், அதுக்குள்ள சீட் போயிடலாம். ரெண்டு மூணு தேதி கைல வச்சுக்கோ. டிக்கெட் வரி தனி.

சித்ரா அக்கா: இன்னொண்ணு, பேரு. சேஸ்ல ப்ரியா அருண்னு இருந்து, க்ரிஸ்ஃப்ளையர்ல அப்பா பேரோட இருந்தா மாத்தறது நின்னுடும். கணக்கு தொடங்கும்போதே ஒரே மாதிரி போடு. அப்பா அம்மாவ ரிடெம்ப்ஷன் நாமினியா, அதாவது உன் மைல்ல டிக்கெட் எடுத்துக் குடுக்கக்கூடிய ஆளா க்ரிஸ்ஃப்ளையர்ல சேர்க்கணும், அஞ்சு பேர் வரைக்கும் இடம் இருக்கு. பாஸ்போர்ட்ல எப்படியோ எழுத்துக்கு எழுத்து அப்படியே. நம்ம ஊர் இனிஷியல் பழக்கத்துல ஒத்த எழுத்தை மட்டும் போட்டு விட்டா செக்-இன்ல வம்பு.

அம்மா: பாயிண்ட்ல எடுத்தா பெட்டி குறைச்சிடுவாங்களா?

ரமேஷ் சித்தப்பா: இல்லண்ணி, அமெரிக்கா டிக்கெட்டுக்கு ஆளுக்கு 2 பெட்டி, ஒவ்வொண்ணும் 23 கிலோ.

அருண்: ஒரு வருஷம் ஆனதும் கார்டை மூடிடலாமா?

சித்ரா அக்கா: மூடாதே, கட்டணம் இல்லாத ஃப்ரீடம் கார்டா மாத்தச் சொல்லு. கணக்கோட வயசு அப்படியே இருக்கும். ஆனா முதல் வருஷம் முடியறதுக்குள்ள கை வைக்காதே.

ப்ரியா: சரிக்கா. அப்பா, ரெண்டு பேர் பாஸ்போர்ட் முதல் பக்கம் அனுப்புங்க.

அப்பா: 📷 படம்

சித்ரா அக்கா: பெரியப்பா, குரூப்ல வேண்டாம், ப்ரியாவுக்குத் தனியா அனுப்புங்க!

அப்பா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது