எல்என்ஜி மின் நிலையத் திட்டம்: கருத்துக் கேட்பில் எதை முதலில் கேட்க வேண்டும்?

கரைவலை:
அனைவருக்கும் வணக்கம். திரவ இயற்கை எரிவாயுவில் (எல்என்ஜி) இயங்கும் 500 மெகாவாட் மின் நிலையம் ஒன்றுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட்டுள்ளது. நான் பொறியாளன் அல்லன். மீனவர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுபவன். அறிக்கையைப் படித்துக் கேள்விகளைத் தயாரிக்கும் பொறுப்பைச் சங்கத்தார் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நிலக்கரியோடு ஒப்பிட்டால் பாதிக் கரியமில வாயுதான் வெளியேறும் என்று அறிக்கை திரும்பத் திரும்பச் சொல்கிறது. சங்கத்திலோ, கலன் வெடித்துவிடுமோ என்பதே பலருடைய முதல் அச்சம். இவ்விரண்டிலும் உண்மை எவ்வளவு? நாங்கள் தவறவிடக் கூடாத கேள்வி எது?

சுழலி:
எரிவாயு இறக்குமதி முனையம் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அச்சத்தைப் பற்றி முதலில் எழுதுகிறேன். மைனஸ் 162 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கும்போது இயற்கை எரிவாயு திரவமாகி, அதன் கன அளவு ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பெரிய கலன்களில் அது அழுத்தத்தால் அன்றிக் குளிரால்தான் திரவமாக இருக்கிறது. ஆகவே சமையல் சிலிண்டரைப் போல் அழுத்தத்தில் வெடிக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. உண்மையான ஆபத்து கசிவில் இருக்கிறது. கசிந்த ஆவி கடுங்குளிராக இருக்கும் வரை காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து செல்லும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும் இடத்தில் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கப்பலிலிருந்து இறக்கும்போது குழாய் மூட்டுகளில் வெண்பனி விரலளவு தடிமனாகப் படர்ந்து, அடியில் வெள்ளைப் புகை இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வெண்மை, குளிரில் உறைந்த காற்றின் ஈரம். எரிவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால்தான் அங்கே மூக்கை நம்பாமல் உணர்கருவிகளை நம்பி வேலை செய்கிறோம்.

1944-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சேமிப்புக் கலன் ஒன்று உடைந்து, திரவம் தெருக்களிலும் கழிவுநீர்ச் சாக்கடைகளிலும் பாய்ந்து தீப்பிடித்ததில் 130 பேர் இறந்தனர். அக்கலனின் எஃகில் நிக்கல் 3.5 சதவீதமே இருந்தது. இன்று 9 சதவீத நிக்கல் எஃகையும் கான்கிரீட் வெளிச்சுவரையும் பயன்படுத்துகிறார்கள். எனவே "வெடிக்குமா" என்பதைவிட, "பெருங்கசிவு ஏற்பட்டால் தீயின் வெப்பமும் ஆவியும் எத்தனை மீட்டர் தொலைவு எட்டும், அந்த வட்டத்துக்குள் எத்தனை வீடுகளும் படகுத்துறைகளும் உள்ளன" என்று கேட்டு, வரைபடத்தோடு பதில் வாங்குங்கள்.

பாதிக் கரியமில வாயு என்பது புகைபோக்கியை மட்டும் பார்த்தால் சரியே. ஆனால் அது கூட்டுச் சுழற்சி முறைக்கு, அதாவது எரிவாயுச் சுழலியின் (டர்பைன்) கழிவு வெப்பத்தில் நீராவிச் சுழலியும் ஓடும் நிலையத்துக்கு உரிய கணக்கு. அதன் திறன், அதாவது எரிபொருளின் ஆற்றலில் மின்சாரமாக மாறும் பங்கு, 60 சதவீதம் வரை எட்டும். எரிவாயுச் சுழலி மட்டும் தனித்து ஓடினால் 35 முதல் 40 சதவீதந்தான். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன்; வழியில் கசியும் மீத்தேனையும் சேர்க்க வேண்டும். அது 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 80 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும்.

பேரேடு:
நண்பர் தொழில்நுட்பத்தை நன்றாக விளக்கிவிட்டார். மின் கொள்முதல் ஒப்பந்தங்களைப் படிப்பது என் தொழில் என்பதால், எரிபொருளுக்கு யார் பணம் கட்டுவது என்பதையே தவறவிடக் கூடாத கேள்வியாக நான் கருதுகிறேன்.

ஒரு மில்லியன் பிடியூ (எரிவாயுவை விலை பேசும் வெப்ப அலகு) எரிவாயுவிலிருந்து நல்ல கூட்டுச் சுழற்சி நிலையம் ஏறத்தாழ 150 யூனிட் மின்சாரம் தரும். எரிவாயு 10 டாலர் என்றால் யூனிட்டுக்கு எரிபொருள் செலவு மட்டும் 7 சென்ட். 30 டாலர் என்றால் 20 சென்ட். ஆசியாவின் உடனடிச் சந்தையில், அதாவது நீண்டகால ஒப்பந்தமின்றி அன்றைய விலைக்கு வாங்கும் சந்தையில், இதே எரிவாயு 2020 ஏப்ரலில் 2 டாலருக்கு அருகில் விற்றது. உக்ரைன் போர் தொடங்கியபின், 2022 மார்ச்சில் 80 டாலரைத் தாண்டியது. அந்த ஜூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் சரக்குகளுக்குக் கோரிய ஏலத்தில் ஒருவர்கூட விலை கொடுக்கவில்லை. வங்கதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தியது. இரு நாடுகளிலும் மக்கள் மணிக்கணக்கில் மின்வெட்டை அனுபவித்தார்கள். நிலையம் இருந்தும் எரிபொருள் இல்லாமல் போன இருட்டு அது.

நீண்டகால ஒப்பந்தம் செய்தால் விலை ஓரளவு கட்டுக்குள் இருக்கும். ஆனால் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் கூடவே வரும்.

நெய்தல்:
மீனவர் சங்கம் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். திரவத்தை மீண்டும் வாயுவாக்கக் கடல்நீரைப் பயன்படுத்தினால் குளிர்ந்த நீரும், மின் நிலையத்தின் குளிர்விப்பிலிருந்து வெந்நீரும் கடலில் சேரும். குழாய்களில் சிப்பி படியாமலிருக்க அந்நீரில் குளோரின் கலப்பது வழக்கம். உறிஞ்சும் வாயில் மீன் முட்டைகளும் குஞ்சுகளும் சிக்கும். வெப்பநிலையின் ஆண்டுச் சராசரியை ஏற்காமல், இனப்பெருக்க மாதங்களுக்கான அளவைத் தனியாகக் கேளுங்கள்.

கரைவலை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மீண்டும் புரட்டியபோது, முதல் மூன்றாண்டுகள் எரிவாயுச் சுழலி மட்டும் இயங்கும் என்று பின்னிணைப்பில் கண்டேன். பாதிக் கரியமில வாயு என்ற அட்டவணையோ முழு நிலையத்துக்கு உரியது. இந்த ஒரு நிலையத்துக்காகவே மிதக்கும் முனையக் கப்பல் (திரவத்தைச் சேமித்து மீண்டும் வாயுவாக்கும் கப்பல்) ஒன்று நிரந்தரமாக வாடகைக்கு நிற்கும் என்றும் உள்ளது. எரிவாயு ஒப்பந்தம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பேரேடு:
அந்தக் கப்பலைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். 500 மெகாவாட் நிலையம் எழுபது சதவீத அளவில் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் டன் போதும். பெரிய சரக்குக் கப்பல்கள் ஐந்தாறு கொண்டுவரும் அளவு. மிதக்கும் முனையங்கள் பலவும் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் கையாளக்கூடியவை. மீதித் திறன் சும்மா கிடந்தாலும் நாள் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அது மின் கட்டணத்தில் ஏறுமா, நிறுவனம் ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டு, முதல் மூன்றாண்டுகளுக்கான உமிழ்வு அட்டவணையைத் தனியாக வெளியிடும் வரை கருத்துக் கேட்பின் கடைசி நாளை நீட்டிக்கும்படியும் அதே மனுவில் கோருங்கள்.