தாங்கல் கரைசலில் சரியாக வரும் உயிருணரி சீரத்தில் பொய் சொல்கிறது: நானோப்பொருளை மாற்றலாமா?

நிலாமுற்றம்

வணக்கம். முதுகலை இறுதியாண்டுத் திட்டத்துக்காக, இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் ட்ரோப்போனின் ஐ என்ற புரதத்தை அளக்கும் உயிருணரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். அடியில் அச்சிட்ட கார்பன் மின்முனை. அதன்மேல் கிராஃபீன் ஆக்சைடு, அதற்குமேல் தங்க நானோதுகள், எல்லாவற்றுக்கும் மேலே ட்ரோப்போனினைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). ஃபெர்ரிசயனைடு கரைசலில் மின்மறுப்பை, அதாவது மின்னோட்டத்துக்கு மின்முனைப் பரப்பு காட்டும் தடையை, அளக்கிறேன். ட்ரோப்போனின் ஒட்ட ஒட்ட வரைபடத்தின் அரைவட்டம் பெரிதாக வேண்டும்.

பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (பி.எச். அளவை நிலையாக வைத்திருக்கும் உப்புநீர்) அப்படியே நடக்கிறது. மனிதச் சீரத்துக்கு, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீருக்கு, போனதும் எல்லாம் குலைந்துவிட்டது. ட்ரோப்போனின் துளியும் சேர்க்காத சீரத்தை வைத்தாலே அரைவட்டம் ஒரேயடியாக விரிகிறது. சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் வேறுபாடே இல்லை. மூன்று மின்முனை வைத்தால் மூன்று விடை.

நான்கு மாதங்கள் போய்விட்டன. கிராஃபீனை விட்டுவிட்டு கார்பன் நானோகுழாய்க்கோ மெக்சீனுக்கோ (மிக மெல்லிய உலோகக் கார்பைடுத் தாள்கள்) மாறினால் தேறுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூழ்மன்

இப்போதைக்குப் புதிதாக எந்தப் பொருளையும் வாங்காதீர்கள். பதினோரு ஆண்டுகளாக மின்முனைகளோடு இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் நானே எழுதியது போல இருந்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் சீரத்தில் 60 முதல் 80 கிராம் புரதம் இருக்கிறது. நீங்கள் தேடும் ட்ரோப்போனின், மருத்துவர் கவலைப்படத் தொடங்கும் எல்லையில்கூட, லிட்டருக்குச் சில பத்து நானோகிராம்தான். எடைக்கணக்கில் நூறு கோடி மடங்குக்கும் மேலான கூட்டத்தில் ஒருவரைத் தேடுகிறீர்கள். நானோதுகள் பரப்பைக் கூட்டுகிறது என்று நாம் எல்லோரும் முன்னுரையில் எழுதுகிறோம். கூடிய அந்தப் பரப்பில் சீரத்தில் மிகுதியாக இருக்கும் புரதமான ஆல்புமினும் வந்து உட்காரும். மின்மறுப்புக்கோ யார் உட்கார்ந்தார் என்று தெரியாது. ஃபெர்ரிசயனைடின் வழியை அடைப்பது எதுவானாலும் அரைவட்டம் விரியும்.

முதலில் ஒரு சோதனை. இதே அடுக்குகளைச் செய்து, மேலே மட்டும் ட்ரோப்போனினோடு தொடர்பே இல்லாத எதிர்ப்பொருளை, சாதாரண முயல் ஐஜிஜி போதும், ஏற்றுங்கள். அதே சீரத்தை வையுங்கள். அரைவட்டம் அதே அளவு விரிந்தால் உங்கள் கருவி இதுவரை ட்ரோப்போனினை அளக்கவில்லை.

மூன்று மின்முனைக்கு மூன்று விடை என்றீர்களே, அது வேறு நோய். கிராஃபீன் ஆக்சைடைச் சொட்டாக விட்டுத்தானே காயவைக்கிறீர்கள்? என் முனைவர் ஆய்வின் இரண்டாம் ஆண்டில் நானும் அப்படித்தான் செய்தேன். ஐந்து மைக்ரோலிட்டர் சொட்டு, வெறும் கண்ணுக்குச் சீராகப் படிந்ததுபோல் இருக்கும். ஒருநாள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். காய்ந்த மழைத்துளி தூசியையெல்லாம் விளிம்பில் ஒதுக்கிவிட்டுப் போவதுபோல, ஓரத்தில் கறுப்பாக ஒரு வளையம். நடுவில் கார்பன் வெறுமையாகத் தெரிந்தது. ஆறு மாதத் தரவை அன்றைக்கு ஒதுக்கி வைத்தேன். மூடிய ஈரப்பெட்டியில் மெதுவாகக் காயவைத்துப் பாருங்கள், வளையம் குறையலாம்.

ஆனால் உண்மையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: தங்கத்தை அடித்தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வெறும் கார்பன்மேல் முதல் எதிர்ப்பொருளைக் கட்டுங்கள், மிச்ச இடத்தைக் கேசீனாலோ மாட்டின் சீரம் ஆல்புமினாலோ அடையுங்கள், சீரத்தை வைத்து நன்றாகக் கழுவுங்கள். பிறகு தங்க நானோதுகளைச் சுமந்த இரண்டாம் எதிர்ப்பொருளை விடுங்கள். மறுபடி கழுவிவிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அந்தத் தங்கத்தை ஆக்சிஜனேற்றி, அது திரும்ப ஒடுங்கும்போது வரும் மின்னோட்டத்தை அளவிடுங்கள். ஆல்புமின் எவ்வளவு ஒட்டியிருந்தாலும் அதனிடம் தங்கம் இருக்காது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டைகள் பலவற்றில் தெரியும் சிவப்புக் கோடும் இப்படித்தான் வருகிறது. எதிர்ப்பொருளோடு பயணித்து வந்து சிக்கிய தங்க நானோதுகள்தான் அந்தச் சிவப்பு.

வெண்சங்கு

கூழ்மன் சொன்ன வழியில் போனால் தங்கத்தில் எதிர்ப்பொருளை ஏற்றும் இடத்தில்தான் பலருக்கும் தடுமாற்றம். சிட்ரேட் போர்த்திய துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பது அவற்றின் எதிர்மின்னூட்டத்தால். உப்பு பட்டால் அந்த விலக்கம் அடங்கித் துகள்கள் திரண்டுவிடும்.

அதையே சோதனையாக்குங்கள். பி.எச். அளவை எதிர்ப்பொருளின் சமமின்புள்ளிக்கு (அதன் நிகர மின்னூட்டம் சுழியாகும் பி.எச்.) சற்று மேலே, பெரும்பாலும் 8.5 முதல் 9 வரை, வைத்துக்கொண்டு, வரிசையாகச் சிறு குழாய்களில் ஒரே அளவு தங்கக் கூழ்மம் எடுத்து, எதிர்ப்பொருளைக் குறைவிலிருந்து அதிகமாக ஏற்றிக்கொண்டே போங்கள். பத்து நிமிடம் கழித்து எல்லாவற்றிலும் 10 விழுக்காடு உப்புக் கரைசல் விடுங்கள். போதாத குழாய்கள் கண்முன்னே சிவப்பிலிருந்து ஊதாவாகி, சாம்பல் நீலமாகும். நிறம் மாறாமல் நிற்கும் முதல் குழாய்தான் உங்கள் குறைந்தபட்ச அளவு. அதற்குமேல் கொஞ்சம் கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிறமாற்றம் எனக்கு அலுக்கவில்லை.

கண்ணாடிக் கலங்களை இராஜதிராவகத்தில் கழுவ மறக்காதீர்கள். புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டும், கையுறையோடு.

அலைநீளம்

கூழ்மனோடு ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். அடித்தளத்தில் நானோப்பொருள் வேண்டாம் என்பது எதிர்ப்பொருள் உணரிக்குச் சரி, நொதி உணரிக்குப் பொருந்தாது. குளுக்கோஸை ஆக்சிஜனேற்றும் நொதியான குளுக்கோஸ் ஆக்சிடேஸில் எலெக்ட்ரான் தரும் பகுதி புரதத்தின் உள்ளே புதைந்து கிடக்கிறது. மின்முனையால் அதை எளிதில் எட்ட முடியாது. 2003இல் இஸ்ரேலிய வேதியியலாளர் இட்டமார் வில்னர் குழுவினர் 1.4 நானோமீட்டர் தங்கப்படிகத்தை அந்த இடத்தோடு நேராக இணைத்தார்கள். நொதி விநாடிக்குச் சுமார் 5000 எலெக்ட்ரான் கொடுத்தது. அதன் இயற்கைத் துணையான ஆக்சிஜனுக்குக் கொடுப்பது சுமார் 700. அங்கே தங்கம் மின்கம்பியின் வேலையைச் செய்கிறது.

ஒட்டும் புரதத்தின் மின்னூட்டத்தை உணரும் சிலிக்கன் நானோகம்பி டிரான்சிஸ்டருக்கு மாறும்படி யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். இரத்தத்தின் உப்புச் செறிவில் மின்னூட்டத்தின் தாக்கம் ஒரு நானோமீட்டருக்குள்ளேயே மறைந்துவிடும். எதிர்ப்பொருளின் நீளமோ ஏறத்தாழ பத்து நானோமீட்டர்.

நிலாமுற்றம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முயல் ஐஜிஜி வைத்து நேற்றுப் பார்த்தேன், ஐயா. அரைவட்டம் அதே அளவு விரிந்தது. பார்த்ததும் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. ஆனால் நான்கு மாதங்களில் முதல்முறையாக என்ன நடக்கிறது என்று தெரிகிறது.

இன்று காலை உப்புச் சோதனையும் செய்தேன். எட்டுக் குழாய்களில் முதல் நான்கும் நீலமாயின, ஐந்தாவது இலேசான ஊதா, ஆறாவதிலிருந்து சிவப்பு. ஏழாவதின் அளவை எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி: முதல் எதிர்ப்பொருளும் இரண்டாம் எதிர்ப்பொருளும் ட்ரோப்போனினின் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்க வேண்டும் அல்லவா? என்னிடம் இருப்பது ஒன்றுதான்.

கூழ்மன்

ஆம், வேறு பகுதியைப் பிடிப்பது கட்டாயம். இணையாகச் சேர்ந்து வேலை செய்யும் என்று சோதித்து விற்கும் எதிர்ப்பொருள் சோடிகள் கிடைக்கின்றன. அதையே வழிகாட்டியிடம் கேளுங்கள். முயல் ஐஜிஜி முடிவைக் கையோடு எடுத்துப் போங்கள், அந்த வரைபடத்தைப் பார்த்தால் அவருக்கே புரியும்.