அட்மிஷன் கவுன்சிலர பாக்க போறோம், என்னென்ன கேக்கணும்?

வணக்கம் ப்ரெண்ட்ஸ், கடலூர் மஞ்சக்குப்பத்துலேருந்து எழுதுறேன். எங்க அக்கா பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா, ஆறாவதுலேருந்து கவர்மென்ட் ஸ்கூல்தான், மேத்ஸ் 88 பிசிக்ஸ் 82 கெமிஸ்ட்ரி 84, கட்ஆப் 171 வருது. பாண்டில ஒரு பிரைவேட் இன்ஜினியரிங் காலேஜ்லேருந்து டெய்லி போன், சனிக்கிழமை வந்து கவுன்சிலர பாருங்க, அட்வான்ஸ் கட்டி சீட் போட்டுடலாம்னு. அக்காவும் மாமாவும் படிக்கல, அதனால நான்தான் கூட போறேன்.

எனக்கு தெரிஞ்சது, டிஎன்இஏ, அதாவது தமிழ்நாடு கவர்மென்ட் நடத்துற இன்ஜினியரிங் கவுன்சிலிங் வழியா, கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் கெடச்சா பீஸ் ஹாஸ்டல் எல்லாம் தமிழ்நாடு கவர்மென்டே கட்டும், பாண்டி காலேஜ்ல நேரா சேந்தா அது கெடைக்காது, அதனால டிஎன்இஏவும் கண்டிப்பா போட்டுடுவோம். ஆனா அங்க உக்காந்து பேசும்போது எப்படி பேசுறதுன்னுதான் பயமா இருக்கு, அவங்க வேகமா பேசி கையெழுத்து வாங்கிட்டா என்ன பண்றது?

புள்ள பாவம் நோட்டு கடைசி பக்கத்துல கேள்வியெல்லாம் எழுதி வச்சிருக்கா, லேப்ல ஆளுக்கு ஒரு சிஸ்டம் இருக்குமா, பஸ் நெல்லிக்குப்பம் ரோடு வருமா, போன வருஷம் கேம்பஸ்ல எந்த கம்பெனி வந்துச்சுன்னு.

இந்த மாதிரி போயிட்டு வந்தவங்க சொல்லுங்க, மொத நாளே பணம் கேப்பாங்களா, வேணாம்னா திருப்பி தருவாங்களா, நாலு வருஷ மொத்த பீஸ எழுத்துல கேக்கலாமா? ஒரிஜினல் சர்டிபிகேட் எடுத்துட்டு போகவா, ஜெராக்ஸ் போதுமா?