சர்மாலே வீட்ல பண்றது எப்படி? புளிச்ச கோஸ், அரிசி, எவ்ளோ நேரம்னு சில சந்தேகம்

டிமிஷோரா_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ருமேனியாவுல டிமிஷோராவுல வேலை பாக்குறேன், கிறிஸ்மஸுக்கு ஆபீஸ் ஆளுங்க சில பேர வீட்டுக்கு கூப்ட்ருக்கேன், பிரியாணி உண்டு, ஆனா அவங்க ஊரு சாப்பாடு ஒண்ணாவது நானே என் கையால பண்ணி வெக்கணும்னு ரொம்ப ஆசை, அதான் சர்மாலே, புளிச்ச கோஸ் இலையில அரைச்ச கறியும் அரிசியும் வெச்சு சுருட்டி வேக வெக்கிறது. இங்க கல்யாணம், கிறிஸ்மஸ், ஈஸ்டர் எதுவா இருந்தாலும் இது இல்லாம இலை போட மாட்டாங்க, அதனால ஏனோதானோன்னு பண்ணி வெக்க மனசு வரல. என் சந்தேகம் இதான்: கடையில பாக்கெட்ல வர்ற முழு புளிச்ச கோஸ் போதுமா இல்ல மார்க்கெட்ல பீப்பாய்ல இருந்து எடுத்து தர்றத வாங்கணுமா? கறி பன்னி மட்டுமா, மாடும் கலக்கணுமா? அரிசிய முன்னாடியே வேக வெக்கணுமா? குக்கர்ல வெச்சா சீக்கிரம் முடியுமா? வர்றவங்கள்ல ஒருத்தர் பன்னிக்கறி சாப்பிட மாட்டாரு, அவருக்கு என்ன பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

யாஷ்_மருமக:
தம்பி, நான் கல்யாணம் பண்ணி வந்தது யாஷ் பக்கம், ருமேனியாவுக்குள்ளயே இருக்குற மால்டோவா ஏரியா, இங்க மாமியார் பண்றத பக்கத்துல நின்னு பாத்து கத்துக்கிட்டது தான் எல்லாம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

முதல்ல கோஸு. மார்க்கெட்ல கிடைச்சா அதையே வாங்கு. இலையுதிர் காலத்துல முழு கோஸ நடுத்தண்ட தோண்டி எடுத்துட்டு அந்த குழியில உப்பு போட்டு பீப்பாய்ல அடுக்கி உப்புத்தண்ணி ஊத்தி வெப்பாங்க, கூடவே காஞ்ச சதகுப்பை தண்டு, ஹ்ரேன்னு ஒரு காரமான கிழங்கு (ஹார்ஸ்ரேடிஷ்), கொஞ்சம் சோளம். குளிரான இடத்துல சில வாரம் புளிக்கணும், வினிகர் ஒரு சொட்டு கிடையாது. பாக்கெட் வாங்கினா பின்னாடி படிச்சு பாரு, வினிகர் போட்டிருந்தா வேணாம், அந்த புளிப்பு வேற, வெந்த அப்புறம் நாக்குல குத்தும். இலை மெலிசா, வளையுற மாதிரி இருக்கணும். வாங்கினதும் ஒரு இலைய கிள்ளி வாயில போட்டு பாரு, ரொம்ப உப்பா இருந்தா பச்சத்தண்ணில ஊற வெச்சு ரெண்டு மூணு தடவ தண்ணி மாத்து. கறியில உப்பு போடுறது இதுக்கு அப்புறம் தான், அதுவும் கொஞ்சமா.

கறி ஒரு கிலோன்னா பன்னி தோள்பட்டையோ கழுத்தோ கொழுப்போட அரைச்சு வாங்கு. மாடு கால் பங்கு கலக்குறவங்க உண்டு, தப்பில்ல, ஆனா முழுக்க கொழுப்பில்லாத கறின்னா உள்ள மண்ணு மாதிரி ஆயிடும். நாலு வெங்காயம் பொடியா நறுக்கி பன்னிக் கொழுப்புலயே வதக்கு, 150 கிராம் குண்டரிசி கழுவி பச்சையாவே அதோட ஒரு பெரட்டு பெரட்டி ஆற வெச்சு கறியில சேரு. வேக வெச்ச அரிசி வேணவே வேணாம், கறியோட சாற குடிச்சு உள்ளயே ஊதணும், அதுக்காகத்தான் ரொம்ப இறுக்கி சுத்தக்கூடாது. மிளகுத்தூள், பச்ச சதகுப்பை, முக்கியமா சிம்ப்ரு, தைம் மாதிரி ஒரு வாசனை இலை. சிம்ப்ரு இல்லாம பண்ணா அது சர்மாலேவே இல்லன்னு இங்க நேருக்கு நேரா சொல்லிடுவாங்க.

இலையோட நடு நரம்ப கத்தியால சீவிட்டு சின்ன சின்னதா சுத்து, ரெண்டு பக்கத்தையும் விரலால உள்ள தள்ளி விடு, நூலு கட்ட வேண்டியதில்ல. மால்டோவால விரல் அளவு தான் சுத்துவாங்க, பெருசா இருந்தா சோம்பேறி வீடுன்னு பேச்சு வரும்.

க்ளூஜ்_கிச்சன்:
அக்கா சொன்னது அத்தனையும் சரி, நான் பானை விஷயம் சேக்குறேன். அடியில மிச்சமான கோஸ நறுக்கி பரப்பு, அதுக்கு மேல புகை போட்ட பன்னி விலாவோ முழங்காலோ, அப்புறம் சர்மாலே ஒரு அடுக்கு, மறுபடி புகைக்கறி, பிரிஞ்சி இலை, முழு மிளகு, மேல மூட மறுபடி கோஸு. டிரான்சில்வேனியால இந்த புகைக்கறி இல்லாம யாரும் பண்ண மாட்டாங்க, சுவையில பாதி அதுல இருந்து தான் வருது. தண்ணியும் கொஞ்சம் தக்காளிச் சாறும் மூழ்குற அளவுக்கு ஊத்து. மண்பானை இருந்தா நல்லது, இல்லன்னா கனமான இரும்பு பாத்திரம்.

குக்கர் வேணாம் ப்ரோ, தயவு செஞ்சு. வேகும், ஆனா கொழுப்பும் புளிப்பும் ஒண்ணா சேர நேரம் கிடைக்காது, இலையும் கிழிஞ்சு போகும். அவன்ல 160 டிகிரில மூணுல இருந்து நாலு மணி நேரம் மூடி வெச்சு விடு, கரண்டி உள்ள போகவே கூடாது, தண்ணி கம்மியானா ஓரத்துல சுடுதண்ணி ஊத்து. கடைசி அரை மணி நேரம் மூடிய எடுத்தா மேல லேசா நிறம் வரும். முந்தின நாளே பண்ணிடு, மறுநாள் சூடு பண்ணி சாப்பிடும்போது தான் நிஜமான ருசி.

கூட மமலிகா கிண்டு, நம்ம களி மாதிரி தான், சோளமாவுல. தட்டுல ஒரு கரண்டி ஸ்மின்த்தினா (புளிச்ச க்ரீம்), ஒரு பச்ச மிளகாய், இது மூணும் கட்டாயம். சுத்த நேரமே இல்லன்னா எங்க ஊர்ல இன்னொண்ணு இருக்கு, க்ளூஜ் கோஸுன்னே பேரு, நறுக்கின புளிச்ச கோஸ், வதக்கின கறி, அரிசி, ஸ்மின்த்தினா அடுக்கடுக்கா வெச்சு பேக் பண்றது. விருந்துக்கு ஆனா சர்மாலே தான்.

டிமிஷோரா_வாசி:
அக்கா, ப்ரோ, ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல. பன்னி சாப்பிடாதவருக்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்க, அவருக்கு வெறும் சாலட் வெக்க கஷ்டமா இருக்கு.

கான்ஸ்டன்ட்ஸா_கப்பல்காரன்:
நண்பா, எங்க கப்பல் அடிக்கடி கான்ஸ்டன்ட்ஸா துறைமுகத்துக்கு வரும், அந்த டோப்ரோஜா பக்கம் துருக்கிக்காரங்களும் தாத்தார் மக்களும் தலைமுறை தலைமுறையா இருக்காங்க, முஸ்லிம்கள், அவங்க மாட்டுக்கறி இல்ல ஆட்டுக்கறில தான் பண்றாங்க, அருமையா இருக்கும். மாடு மட்டும்னா கொழுப்பு இருக்குற துண்டா பாத்து அரைக்க சொல்லு, வெங்காயத்த எண்ணெயில நிறைய வதக்கி சேரு, கறி பிசையும்போது கொஞ்சம் தண்ணி விடு. தனி பாத்திரம், தனி கரண்டி வெச்சு பண்ணு, புகைக்கறி அதுல வேணாம், அத அவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டா நிம்மதியா சாப்பிடுவாரு.

யாஷ்_மருமக:
இன்னொண்ணும் இருக்கு தம்பி, கிறிஸ்மஸுக்கு முன்னாடி நவம்பர் 15ல இருந்து ஆர்த்தடாக்ஸ்காரங்களுக்கு நோன்பு காலம், அப்ப கறியே இல்லாம அரிசி, காளான், வெங்காயம், கேரட் வெச்சு இதே மாதிரி சுத்துவாங்க. ஒரு சின்ன பானை அதுவும் பண்ணி வெச்சா யாரு வந்தாலும் சமாளிக்கலாம். மராமுரெஷ்ல அரிசிக்கு பதிலா உடைச்ச சோளக்குருணை போடுறதும் உண்டு, கிடைச்சா நோன்பு சர்மாலேல போட்டு பாரு, நல்லா பிடிச்சுக்கும்.

அப்புறம் க்ளூஜ் தம்பி, தக்காளிச் சாறு கம்மியாவே இருக்கட்டும்பா, கோஸோட புளிப்பு முன்னாடி நிக்கணும்.

க்ளூஜ்_கிச்சன்:
சரிக்கா, ஒரு கப்புக்கு மேல வேணாம். கோஸ் மட்டும் இந்த வாரமே வாங்கி வெச்சுடு ப்ரோ, பண்டிகை நெருங்கிட்டா நல்ல மெலிசு இலை எல்லாம் மார்க்கெட்ல காலையிலயே தீந்துடும்.