மொத்தமாகத் தோட்டா வாங்கியது: கடையிலா, ஆன்லைனிலா?

ஹூஸ்டன்வாசி:
மூன்று வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். 9 எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டா, குண்டின் எடை 115 கிரெயின், ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) சுடுகிற சாதாரண ரவுண்டுதான், ரவுண்டு என்றால் ஒரு தோட்டா. வழக்கமாகப் போகும் கடையில் 50 ரவுண்டுப் பெட்டி 14.99 டாலர். 20 பெட்டி எடுத்தால் 8.25 சதவீத வரியோடு 324.53. அதே பிராண்டு ஆன்லைனில் 1000 ரவுண்டு உள்ள பெரிய பெட்டி (கேஸ்) 229, டெலிவரி 24, டெக்சாஸில் டெலிவரிக்கும் சேர்த்து வரி, ஆக 273.87. கடையில் ரவுண்டுக்கு 32 சென்டுக்கு மேல், ஆன்லைனில் 27 சொச்சம். 50 டாலர் மிச்சம்.

இந்தக் கணக்கை நான் கடைக் கவுண்டரில் நின்றபடியே போனில் போட்டேன். அதுதான் தப்பு. கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும், எட்டிப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "எனக்கு வரும் விலையே இதைவிடக் கூட, நீ அங்கேயே வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டு, எனக்காக எடுத்து வைத்த 20 பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அலமாரியில் அடுக்கினார், லேபிள் முன்பக்கம் வருகிற மாதிரி நிதானமாக. நான் அவ்வளவு நேரமும் அங்கேயே நின்றேன். 2021 தொடக்கத்தில் எங்கேயும் சரக்கு இல்லாமல், கிடைத்த இடத்தில் பெட்டி 30 டாலரைத் தாண்டியபோது, மாதம் இரண்டு பெட்டியைக் கவுண்டருக்கு அடியில் எனக்கென்று எடுத்து வைத்தவர் இவர்தான்.

ஆன்லைன் கேஸ் நான்கு நாளில் ஒழுங்காக வந்தது, ஒரு குறையும் இல்லை. இன்னும் பிரிக்கவில்லை.

சாக்ரமென்டோதம்பி:
அண்ணே, வீட்டு வாசலுக்கே வருகிறதே உங்களுக்கு, அதைச் சொல்லுங்கள் முதலில். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து ஆன்லைனில் வாங்கினாலும் சரக்கு லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் வரும். அங்கே போய்ப் பின்னணிச் சரிபார்ப்பு முடித்து, கடைக்காரர் கேட்கிற கட்டணத்தையும் கொடுத்துத்தான் எடுக்க முடியும். 2022-ல் 500 ரவுண்டு ஆர்டர் போட்டேன், 40 டாலர் மிச்சம் என்று நினைத்து. சரிபார்ப்பு அப்போது ஒரு டாலர்தான். ஆனால் 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தது. காரணம், வீடு மாறியதும் டிரைவிங் லைசென்ஸில் முகவரியை மாற்றியிருந்தேன், துப்பாக்கிப் பதிவில் பழைய முகவரியே இருந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். கவுண்டரில் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தச் சொல்லை வரிசையில் இருந்த எல்லோரும் படித்தார்கள். ஏதோ குற்றவாளி போல வெளியே வந்தேன். என் பெட்டி கவுண்டருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இருந்தது. பதிவைச் சரிசெய்து அதை எடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மிச்சம் பிடித்தது கடைக்காரர் கட்டணத்திலேயே போய்விட்டது. 2024 ஜூலையிலிருந்து மாநிலம் 11 சதவீத வரி வேறு போட்டிருக்கிறது. பக்கத்து மாநிலமான நெவாடாவில் ரீனோ போய் வாங்கி வரலாமே என்று யாரும் சொல்லாதீர்கள், எங்களுக்கு அது சட்டவிரோதம்.

பித்தளைப்பெட்டி:
ஹூஸ்டன்வாசி, உங்கள் கடைக்காரர் நல்லவர், சரி. எல்லாக் கடைக்காரரும் அப்படி இல்லை. 2020 ஏப்ரலில் என் ஊர்க் கடையில் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. அதே பெட்டி, அதே அலமாரி, பழைய ஸ்டிக்கருக்கு மேலேயே புது ஸ்டிக்கர், ஓரத்தில் பழைய விலை எட்டிப் பார்த்தது. நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், 10.49. என்னிடம் 24 வாங்கினார். அதற்கப்புறம் அந்தப் படி ஏறவில்லை.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். கேஸ் விலையைப் பார்க்காதீர்கள், ரவுண்டுக்கு எத்தனை சென்ட் என்று பாருங்கள், அதுவும் டெலிவரியும் வரியும் சேர்த்த பிறகு. டெலிவரி இலவசம் என்று போட்டிருந்தால் அந்தக் காசு பெரும்பாலும் விலைக்குள்ளேயே இருக்கும். 1000-க்குக் கீழே வாங்கினால் டெலிவரிச் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும், அதனால் 9 எம்எம்-மும் .22-வும் (சிறிய ரகத் தோட்டா) ஒரே ஆர்டரில் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், 'ஸ்டீல் கேஸ்', அதாவது எஃகுக் கூடு, என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், மலிவாக இருக்கும், ஆனால் பல உள்ளரங்க ரேஞ்சில் விடமாட்டார்கள். கூடு பித்தளையாகவே இருந்தாலும் குண்டின் செம்பு உறைக்குள் எஃகு கலந்திருக்கலாம், வாசலில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1000 ரவுண்டும் உங்கள் கையில், சுடத்தான் இடம் இருக்காது. 'ரீமேனுஃபேக்சர்ட்' (சுட்ட கூட்டில் மறுபடி நிரப்பியது) என்று இருந்தால் உங்கள் துப்பாக்கியின் வாரண்டி விதியைப் படியுங்கள், பல கம்பெனிகள் ஒப்புக்கொள்வதில்லை. மலிவு ரஷ்யச் சரக்கு திரும்ப வரும் என்று காத்திருக்காதீர்கள், 2021 செப்டம்பரிலிருந்து புது இறக்குமதி அனுமதி நின்றுவிட்டது. வந்த சரக்கை கராஜில் போடாதீர்கள். ஹூஸ்டன் ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டாம். ரப்பர் விளிம்பு உள்ள இரும்புப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை இரண்டு, வீட்டுக்குள் குளிர்ந்த இடம், குழந்தைகள் இருந்தால் பூட்டு. தபால் துறை தோட்டாவை ஏற்காது, தனியார் கூரியர்தான், அதனால் வயது வந்தவர் கையெழுத்து கேட்டால் வீட்டில் அப்படி யாராவது இருக்க வேண்டும்.

டாலஸ்_2016:
பித்தளைப்பெட்டி சொன்னதில் எங்களுக்கு வேண்டிய முக்கியமான விஷயம் இல்லை. நம் ஆட்களில் பாதிப் பேர் விசாவில் இருக்கிறோம். நான் எச்1பி வேலை விசாவில் இருந்தபோது நாலு பேர் சேர்ந்து ஒரு கேஸ் போட்டோம், ஆளுக்கு 250 ரவுண்டு. விலை நன்றாக இருந்தது. பெட்டி என் அபார்ட்மென்டுக்கு வந்தது, ஏனென்றால் நான்தான் பகலில் வீட்டில் இருப்பேன். மற்ற மூன்று பேரும் கிரீன் கார்டு.

ஞாயிற்றுக்கிழமை பங்கு பிரிக்க வந்தார்கள். பிரித்துக்கொண்டே இருக்கும்போது ஒருவர் சாதாரணமாகக் கேட்டார், "உன்னிடம் வேட்டை லைசென்ஸ் இருக்கிறதா?" எதற்கு என்றேன். எச்1பி மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதே ஃபெடரல் சட்டத்தில் குற்றம், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு என்றார். என் மனைவி அடுக்களை வாசலில் காபி டம்ளரோடு நின்றிருந்தாள், அவள் எச்4, என் விசாவைச் சார்ந்த விசா. அந்தப் பெட்டி ஐந்து நாளாக எங்கள் படுக்கையறை அலமாரியில், அவள் புடவைகளுக்குக் கீழே இருந்தது. யாரும் பேசவில்லை. என் 250-ஐயும் அவர்கள் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். இன்றைக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது, ஆனாலும் வீட்டுக்கு ஆர்டர் போட மனம் வரவில்லை.

கூட்டாக வாங்குகிறவர்கள் தயவுசெய்து முதலில் ஒவ்வொருவர் விசாவையும் கேளுங்கள், விலையை அப்புறம் பாருங்கள்.

பித்தளைப்பெட்டி:
நியாயம், அதை நான்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எஃப்1 மாணவர்களுக்கும் இதே சட்டம்தான். வயதும் இருக்கிறது, கடையில் கைத்துப்பாக்கி ரவுண்டு வாங்க 21, ரைஃபிள் ரவுண்டுக்கு 18. ஆனால் ஹூஸ்டன்வாசி, அந்தக் கேஸைத் திறந்து நாலு ரவுண்டுக்காவது காந்தம் வையுங்கள். பிரிக்காமல் வைத்தால் திருப்பித் தரும் நாள் கடந்துவிடும், பல இடங்களில் தோட்டாவைத் திரும்ப எடுக்கவே மாட்டார்கள்.

சாக்ரமென்டோதம்பி:
அண்ணே, நீங்கள் அந்தக் கடைக்குத் திரும்பப் போனீர்களா இல்லையா?

ஹூஸ்டன்வாசி:
சனிக்கிழமை போனேன். 9 எம்எம் கேட்க வாய் வரவில்லை. துடைக்கிற எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கினேன், 8 டாலர். பில் போட்டுவிட்டு, "ஆர்டர் வந்துவிட்டதா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். "பித்தளைதானே, பார்த்து வாங்கினாயா?" என்றார்.