மக்கும் குப்பைக்கான பச்சைக் கூடையில் எதைப் போடலாம், அதற்கப்புறம் அது எங்கே போகிறது?

பாளை மருமகள்:
அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஊரில் சமையலறை மிச்சம் எதையும் குப்பை என்று நினைத்ததே இல்லை, கழுநீர் மாட்டுக்கு, காய்த்தோல் ஆட்டுக்கு, மற்றது வாழை மூட்டில் என்று போய்விடும். இங்கே மாடி வீடு. காலையில் குப்பை வண்டி வந்ததும் மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று கொடுக்கச் சொல்கிறார்கள். மீன் செதில், கோழி எலும்பு, சிரட்டை, சொதிக்குப் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, மிஞ்சிய குழம்பு, இதெல்லாம் மக்கும் பக்கமா? கேரி கவரில் கட்டிக் கொடுத்தால் வண்டியில் வரும் அக்கா வாங்க மறுக்கிறார்கள், கவர் இல்லாமல் இந்த ஈரத்தை எப்படித்தான் வைத்திருப்பது? எங்கள் அத்தை வேறு, எல்லாம் கடைசியில் ஒரே குப்பைக் கிடங்குக்குத்தான் போகும், நீ எதற்கு மெனக்கெடுகிறாய் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்காரன்:
சகோதரி, நான் வேறொரு மாவட்டத்தில் திடக்கழிவுப் பிரிவில் பரப்புரையாளராக வேலை பார்த்தவன், வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரிக்கச் சொல்வதுதான் வேலை. அத்தை சொல்வது கலந்து கொடுத்தால் உண்மை. பிரித்துக் கொடுத்தால் மக்கும் குப்பை நுண் உரமாக்கும் மையத்துக்குப் போகும். அங்கே முதலில் எடை போடுவார்கள், அப்புறம் மறுபடியும் கையால் பிரிப்பார்கள், பிறகு அரவை இயந்திரத்தில் துண்டாக்கி, சுவரில் காற்று போக ஓட்டை விட்ட தொட்டிகளில் அடுக்கடுக்காகப் போட்டுச் சாணக் கரைசல் தெளிப்பார்கள். சில நாளில் குவியலின் உள்ளே 55, 60 டிகிரி வரை சூடேறும், கை வைத்தால் சுடும், நோய்க்கிருமியும் களை விதையும் அதில்தான் சாகின்றன. அவ்வப்போது கிளறிவிட்டுச் சுமார் 45 நாள் கழித்துச் சலித்தால் உரம்.

கவரைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பிரிக்கும் மேடையில் நின்று பார்த்தால் உங்களுக்கே புரியும். இறுக்கி முடிச்சுப் போட்ட கவரை ஒரு அம்மா நகத்தால் அவிழ்க்கப் பார்ப்பார், அவிழாது, கிழித்தால் மூன்று நாள் ஊசிப்போன சாம்பாரும் சோறும் கொழகொழவென்று முழங்கை வரை வழியும். அதற்குள்ளே ஒரு சவர பிளேடும் கிடக்கும். கையுறை எல்லாம் பிளேடுக்குத் தாங்காது. தப்பித்தவறி கவரோடு அரவைக்குப் போய்விட்டால் பிளாஸ்டிக் நார் நாராகக் கிழிந்து உரத்தில் கலந்துவிடும், அதை எந்தச் சல்லடையாலும் முழுதாக எடுக்க முடியாது. அந்த அக்கா கவரை வாங்க மறுப்பது எல்லோருக்கும் செய்கிற நல்லது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடி போட்ட வாளி, அடியில் பழைய செய்தித்தாள், குழம்பானால் நீரை வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் போடுவது, இவ்வளவு போதும். தேங்காய்ச் சக்கை, காய்த்தோல், வாழையிலை எல்லாம் தாராளமாகப் போடலாம். சிரட்டையை மட்டும் தனியாக வையுங்கள், அது லேசில் மக்காது, கரி போடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள், பிளேடு, பழைய பேட்டரி, உடைந்த பல்பு எல்லாம் இரண்டிலும் சேராத தனிக் குப்பை.

சங்கரன்கோவில் ரோடு:
கிடங்குக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் அத்தையிடம் சொல்லுங்கள். நெல்லை மாநகராட்சிக் குப்பை சேரும் ராமையன்பட்டிக் கிடங்கில் தீப்பிடித்த செய்தியை நெல்லைக்காரர்கள் பலமுறை படித்திருப்போம். சோறும் காயும் மலைபோல் குவிந்து காற்றுப் புகாமல் அழுகினால் மீத்தேன் வரும், நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிற வாயு அது. கூடவே பிளாஸ்டிக் இருந்தால் ஒரு பொறி போதும். மேலே தண்ணீர் அடித்து அணைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அடியில் வடியும் கறுப்புச் சாறு நிலத்தடி நீருக்குக் கேடு. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்குகிற ஈரக் குப்பைதான், அது கிடங்குக்கே போகாமல் இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி கிளம்பவே கிளம்பாது.

வள்ளியூர் டு சியோல்:
இங்கே கொரியாவில் உணவுக் கழிவை மண்ணில் புதைக்க 2005லேயே தடை. 2013 முதல் எடைக்கோ அளவுக்கோ தகுந்த காசு, அட்டையைக் காட்டினால் தொட்டி திறக்கும், கொட்டியதும் எடை காட்டும். பெரும்பகுதியைக் கால்நடைத் தீவனமாகவும் உரமாகவும் எரிவாயுவாகவும் மாற்றுகிறார்கள். அதனால் கால்நடை தின்ன முடியாத எலும்பு, முட்டை ஓடு, சிப்பி இதெல்லாம் இங்கே உணவுக் கழிவில் சேராது. நம் ஊரில் முட்டை ஓட்டை உரத்தில் போடுவோம் இல்லையா, ஆக எது மக்கும் குப்பை என்பது அதை அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. காசு வாங்குவது நம் ஊருக்கு உடனே சரிப்படாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் தண்ணீரை வடித்துக் கொடுக்கிற பழக்கம் எடைக்குக் காசு என்றதும் இங்கே தானாக வந்துவிட்டது.

களக்காடு வாழை:
நான் விவசாயி. குப்பை உரம் ஒரு டிராக்டர் வாங்கி அடித்தேன், எங்கே வாங்கினேன் என்பது இங்கே வேண்டாம். உரம் நயமாகத்தான் இருந்தது, மண்ணும் இளகியது, ஆனால் மழை பெய்து மண் கழுவியதும் ஷாம்பு பாக்கெட்டும் கண்ணாடிச் சில்லும் மேலே தெரிந்தன. வெறுங்காலோடு தண்ணீர் பாய்ச்சுகிற எங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் காசு கொடுத்து வாங்கக் காத்திருக்கிறோம். அப்புறம், கல்யாண மண்டபங்களையும் ஓட்டல்களையும் யாராவது கேளுங்கள். ஒரு பந்தியில் மிஞ்சுவது ஒரு தெருவின் குப்பை. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் போனால் மொத்தக் கழிவு உருவாக்குபவர், அதாவது பெருமளவில் குப்பை சேர்க்கிற இடம் என்ற கணக்கில் சேர்த்து, மக்குவதை முடிந்தவரை அங்கேயே பக்குவப்படுத்த வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள்.

பாளை மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், பிளேடு விஷயத்தைக் கேட்டதும் பேசாமல் எழுந்துபோய்க் கவரை அவிழ்த்தார்கள். மீனுக்கு மட்டும் பதில் வரவில்லையே?

மாடித் தோட்டம் மதினி:
மீன் செதிலும் கோழி எலும்பும் வண்டியில் மக்கும் பக்கம்தான் போகும், இருந்தாலும் உங்கள் பகுதி வண்டியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சில மையங்களில் கறிக் கழிவைத் தனியாகக் கேட்பார்கள். செய்தித்தாளில் பொதிந்து கொடுங்கள், தாளும் சேர்ந்து மக்கிவிடும். வீட்டிலேயே உரம் போடுவதானால் மீனும் எலும்பும் வேண்டாம், பூனையும் எலியும் வந்துவிடும். காய்த்தோல் ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ இரண்டு பங்கு, ஓட்டை போட்ட மண்பானை, வாரம் ஒருமுறை கிளறல். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் இரண்டு கை சருகு போடுங்கள்.